நினைவு மலரில் எழுதப்படாத பக்கம்



எங்கள் ஊர்களிலே ஒருவர் இறைவனடி சேர்ந்து 31ஆம் நாள் வருவதற்குள் நினைவு மலர் ஒன்று அச்சாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். முகப்பில் அன்னாரின் படம். உள்ளே சில திருப்பாடல்கள், செபமாலைத் தேவஇரகசியங்கள், வாழ்க்கைக் குறிப்பு, இறுதியில் நன்றி நவிலல். பங்குத் தந்தையின் ஆசிச் செய்தியும் அதில் இடம்பெற வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். நவம்பர் மாதத்தில், இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் நாம் செபிக்கின்ற வேளையில், இத்தகைய மலர்கள் பல என் மேசைக்கு வந்து சேருகின்றன.

சில காலத்துக்கு முன்னர் ஒரு மகளும் அவருடைய தமையனாரும் தந்தையின் வாழ்க்கைக் குறிப்பைக் கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள். தந்தை கடும் உழைப்பாளி. அரச அலுவலகமொன்றில் கடமை. அது முடிந்ததும் வயல். வீட்டுக்குள் அவரைக் காண்பது அரிது. வளவிலோ குளக்கட்டிலோதான் தேட வேண்டும். பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர். இவையெல்லாம் அழகாக எழுதப்பட்டிருந்தன. கடைசி மூன்று ஆண்டுகள் மட்டும் ஒரே வரியில் அடங்கியிருந்தன: சில காலம் சுகவீனமுற்றிருந்து இறைபதம் அடைந்தார். அவர் எப்படிச் சுகவீனமுற்றிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நற்கருணை கொண்டு அவ்வீட்டுக்குப் போனவன் நான். அவருக்கு நினைவு தடுமாறியிருந்தது. மகளின் பெயரையே மறந்திருந்தார். இரவில் எழுந்து படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

“சுவாமி, அந்தக் காலத்தைப் பற்றி ஆசிச் செய்தியிலும் ஒன்றும் எழுத வேண்டாம்” என்றார் மகள். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. புனிதர் ஒருவரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். அவரைப் பற்றியே இன்று உங்களோடும் பேச விரும்புகிறேன்.

குழந்தை இயேசுவின் புனித திரேசாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் எம் மத்தியில் இல்லை. கிளிநொச்சியிலே அவர் பெயரால் ஆலயம் உண்டு. கையில் சிலுவையும் ரோசாப் பூக்களும் ஏந்திய அவருடைய படம் நம் வீடுகளின் செப மேடைகளில் இருக்கிறது. ஆனால் அவருடைய தந்தையை நாம் அவ்வளவாக அறிவதில்லை. அவர் பெயர் லூயி மார்ட்டின். மணிக்கூடு திருத்துவது அவர் தொழில். மீன் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தை.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் 1823ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி, இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். மணிக்கூடு செய்யும் தொழிலை இளமையிலேயே கற்றுக்கொண்டார். 22ஆவது வயதில், அல்ப்ஸ் மலையின் உச்சியிலே, பனியில் வழிதவறுகின்ற பயணிகளைக் காப்பாற்றுவதில் பேர்போன புனித பேர்னார்ட் துறவிகளின் மடத்துக் கதவைத் தட்டினார். இலத்தீன் மொழி தெரியாது என்பதனால் அவரை ஏற்க இயலவில்லை. கீழிறங்கி வந்து இலத்தீன் படித்துப் பார்த்தார், முடியவில்லை. குருமடத்திலே இலத்தீனோடு நானும் போராடியிருக்கிறேன்; ஆகவே அவர்மீது எனக்குத் தனி அனுதாபம் உண்டு. 1850ஆம் ஆண்டு நோர்மண்டிப் பகுதியின் அலன்சோன் நகரில் கடை திறந்தார்.

மணிக்கூட்டு வேலை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணோடு ஒட்டிய உருப்பெருக்கி, விரல் நுனியில் அரிசிமணியிலும் சிறிய திருகாணி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் ஒரே இருக்கை. இப்படி உழைத்த மனிதர் வெளிக்காற்றுக்கும் ஆற்றங்கரைக்கும் ஏங்கியதில் வியப்பில்லை. 1857இல் நகரின் ஒதுக்குப்புறத்தில், அறுகோண வடிவிலான சிறு கோபுர வீடொன்றைத் தோட்டத்தோடு வாங்கினார். தூண்டில்களை வைக்கவும், வாசிக்கவும், செபிக்கவும் அதுவே இடம். தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்த மாதா சொரூபத்தை அத்தோட்டத்திலே நிறுவினார். பின்னாளில் நோயுற்றுக் கிடந்த சிறுமி திரேசாளை நோக்கிப் புன்னகைத்த அன்னையாக இன்று போற்றப்படுவது இந்தச் சொரூபமே.

அலன்சோனுக்கு ஊடாக ஓடுகின்ற சார்த் ஆற்றிலே அவர் தூண்டில் போடுவார். பிடிபட்ட மீன்களைக் கிளாரா சபைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுவார். நீண்ட தூரம் நடப்பதில் அவருக்குக் களைப்பே இல்லை. கால்நடையாகத் திருயாத்திரை போவதென்றால் பெருமகிழ்ச்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கடை திறக்கப்படாது. கிராமத்து மக்கள் பூசைக்கு நகருக்கு வந்து, மோதிரமும் சங்கிலியும் வாங்கிச் செல்கின்ற நாள் அதுதான். வியாபாரிக்கு வாரத்திலேயே பொன்னான நாள். பக்கக் கதவையாவது திறந்து வையும், அதிலே பாவமொன்றுமில்லை என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் இணங்கவில்லை. ஞாயிறு ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் உரிய நாள் என்பதில் உறுதியாக இருந்தார். விடுமுறை நாளிலும் ரியூசன் வகுப்புக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற நமக்கு இது கதையாகத் தோன்றலாம்.

1858 ஜூலை 13ஆம் திகதி நள்ளிரவில், செலி குவேரின் என்ற பெண்ணை அவர் கரம்பிடித்தார். அவ்வூர் வழக்கப்படி ஆரவாரமின்றி நடந்த திருமணம். செலியும் ஒரு காலத்தில் துறவறம் நாடித் திருப்பி அனுப்பப்பட்டவரே. அலன்சோன் நகரின் புகழ்பெற்ற பூப்பின்னல் வேலையில் அவர் கைதேர்ந்தவர். தமக்கெனத் தொழிலகம் வைத்து, பல பெண்களுக்கு வேலை கொடுத்தவர். அவருடைய தொழில் பெருகியபோது லூயி செய்தது நம் ஆண்களுக்கு இன்றும் எளிதல்லாத காரியம். 1870இல் தமது மணிக்கூட்டுக் கடையைச் சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணையாளரானார். கணக்கு எழுதினார், பாரிஸ் நகருக்குப் போய்க் கட்டளைகள் பெற்றுவந்தார். கணவனோடு தாம் மிக மகிழ்ச்சியாக வாழ்வதாகவும், அவர் ஒரு புனிதர் என்றும், எல்லாப் பெண்களுக்கும் அத்தகைய கணவர் வாய்க்க வேண்டும் என்றும் செலி தம் சகோதரனுக்கு எழுதினார். திருமணமாகி நாலரை ஆண்டுகள் சென்றபின் ஒரு மனைவி எழுதிய சொற்கள் இவை என்பதைக் கவனியுங்கள்.

அந்த வீட்டிலும் சாவு நுழைந்தது. ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். ஜோசப் என்று பெயரிடப்பட்ட இரு ஆண் குழந்தைகளும் ஒரு வயது நிறைய முன்னரே மறைந்தன. ஹெலன் என்ற சிறுமி 1870இல் ஐந்து வயதில் போனாள். மறு ஆண்டு போர் அவர்கள் வாசலுக்கே வந்தது. பிரஷ்ய இராணுவத்தினர் ஒன்பது பேர் அவர்கள் வீட்டிலே தங்கவைக்கப்பட்டார்கள். படையினர் வந்து வீட்டில் இருப்பது என்னவென்று எம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியாக, 1877 ஓகஸ்ட் 28ஆம் திகதி, மார்பகப் புற்றுநோயினால் செலியும் இறந்தார். அவருக்கு வயது 45. கடைக்குட்டி திரேசாளுக்கு நாலரை வயது.

தாயற்ற ஐந்து பெண் பிள்ளைகளோடு, மனைவியின் சகோதரர் குடும்பம் வாழ்ந்த லிசியே நகருக்கு லூயி குடிபெயர்ந்தார். தமது நண்பர்களையும் ஆற்றங்கரையையும் பிள்ளைகளுக்காக விட்டுவிட்டுப் போனார். அங்கே தோட்டத்தோடு கூடிய வீடொன்றிலே அடுத்த பத்து ஆண்டுகள் கழிந்தன. திரேசாளின் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்ற நூலை வாசித்தவர்களுக்கு அந்த வீடும் தோட்டமும் நன்கு பழக்கமானவை.

சிறுமி திரேசாள் மரப்பட்டையையும் விதைகளையும் நீரில் ஊறவைத்து, தேநீர் என்று அழகான கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு அப்பாவிடம் போவாள். அவர் கைவேலையை நிறுத்திவிட்டு, சிரித்தபடி அதைப் பருகுவதுபோலப் பாவனை செய்வார். பிற்பகலில் இருவரும் உலாவப் போவார்கள். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஆலயத்தில் நற்கருணை ஆண்டவரைச் சந்திப்பார்கள். அப்படிப் போனபோதுதான் கார்மேல் மடத்துச் சிற்றாலயத்தை அவள் முதன்முதலாகக் கண்டாள். அந்தக் கம்பிச் சட்டத்துக்கு அப்பால் கன்னியர் செபிக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தவர் தந்தையே. திரும்பும் வழியில் ஒன்றிரண்டு காசுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பார்.

மீன்பிடிக்கப் போகும் நாட்களில் அவளையும் கூட்டிச் செல்வார். அவளுக்கெனச் சிறு தூண்டிலும் இருந்தது. ஆனால் அவள் பூக்கள் நிறைந்த புற்றரையில் தனியே போய் அமர்ந்துகொள்வாள். காற்றின் ஓசையும், நகரிலிருந்து தெளிவின்றி மிதந்து வருகின்ற இராணுவ வாத்திய இசையும் கேட்டுக்கொண்டிருக்க, அவளுடைய எண்ணம் விண்ணகத்தை நோக்கிப் போகும். அப்போது தாம் தியானம் செய்வதை அறியாமலே தியானம் செய்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். காலையில் அக்கா ஜாம் பூசிக் கட்டித் தந்த பாண் துண்டு மாலையில் நிறம் மங்கி ஊறிப்போயிருக்கும். அதைப் பார்த்து, இவ்வுலக இன்பம் இவ்வளவுதான் என்று அவளுக்குத் துக்கம் வருமாம்! திருச்சபையின் மறைவல்லுநராக 1997இல் அறிவிக்கப்பட்டவரின் முதற்பாடங்கள் இவை. கற்பித்த தந்தை தூண்டிலோடு கரையிலே அமைதியாக இருந்தார். அவர் ஏதும் பிரசங்கம் செய்ததாக அந்நூலின் இந்தப் பக்கத்தில் இல்லை.

இன்னொரு நினைவு. ஞாயிறு இரவு மாமா வீட்டிலிருந்து நடந்து வருகையில், வானத்திலே ஒரியன் விண்மீன்கள் அவள் பெயரின் முதல் எழுத்து வடிவில் தோன்றும். அப்பா, என் பெயர் விண்ணகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுவாள். பிறகு நிலத்தைப் பார்க்க மனமின்றி, தலையை நிமிர்த்தியபடியே, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கால் இடறாமல் பார்ப்பது அவர் பொறுப்பு.

வாசகர்களே, இந்த அளவோடு நான் நிறுத்திக்கொண்டால் இதுவும் ஒரு நல்ல நினைவு மலராக இருந்திருக்கும். உழைப்பாளி, உத்தம கணவர், பாசமுள்ள தந்தை, இயற்கையை நேசித்தவர். ஆனால் லூயி மார்ட்டினின் வாழ்க்கை அங்கே முடியவில்லை.

1887 மே மாதம் அவரை முதல் தடவையாகப் பாரிசவாதம் தாக்கியது. ஓரளவு தேறினார். அதே மாதம் 29ஆம் திகதி, பெந்தக்கோஸ்து ஞாயிறு மாலையில், தோட்டத்தில் இருந்த அவரிடம் வந்து, 15 வயதிலே கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டாள் திரேசாள். மூத்தவர்கள் இருவர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள். அவர் கண்ணீர் விட்டார், ஆனால் மறுக்கவில்லை. தாழ்ந்த மதிலில் முளைத்திருந்த சிறிய வெண்மலர் ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கி, ஆண்டவர் அதை எவ்வளவு கவனத்தோடு காத்துவந்தார் என்று சொல்லி அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ நூலுக்குள் பாதுகாத்து வைத்தாள்.

1888 ஏப்ரலில் அவள் மடத்தில் சேர்ந்தாள். ஜூன் மாதத்தில் தந்தை வீட்டைவிட்டுக் காணாமற்போனார். வீட்டார் தேடி அலைந்து, சில நாட்களின் பின் லே ஹாவ்ர் துறைமுக நகரிலே அவரைக் கண்டுபிடித்தார்கள். மூளையின் இரத்தக் குழாய்களைப் பாதித்த நோய் அவரது அறிவைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டிருந்தது. ஊர் சும்மா இருக்குமா? பிள்ளைகள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதால்தான், குறிப்பாகக் கடைக்குட்டி போனதால்தான், மனிதனுக்குப் புத்தி பேதலித்தது என்று பேசினார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவரையும் தாண்டி மகள்மாரின் செவிகளை எட்டியது.

1889 பெப்ரவரியில் நோய் முற்றியது. போர் மூண்டுவிட்டதென்றும் படைகள் வருகின்றன என்றும் அவருக்குத் தோன்றியது. மகள்மாரைக் காக்க வேண்டுமென்று கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். அறிவு கலங்கிய வேளையிலும் அவர் அஞ்சியது தமக்காக அல்ல. வீட்டிலுள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்று கருதி, பெப்ரவரி 12ஆம் திகதி அவரைக் கான் நகரிலுள்ள மனநோயாளர் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அன்றைய வழக்கில் அதற்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றே பெயர். ஊரே மதித்த மனிதர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருந்தார். செலினும் லெயோனியும் அந்நகரிலேயே கன்னியர் இல்லமொன்றில் சில மாதங்கள் தங்கினார்கள். தந்தையை அடிக்கடி காண அனுமதியில்லாத போதிலும் அருகிலாவது இருக்கட்டும் என்று இருந்தார்கள்.

தெளிவு வந்த வேளைகளில் அவர் தமது நிலையை உணர்ந்திருந்தார். அது எவ்வளவு பெரிய துன்பம்! வாழ்நாளில் தமக்கு அவமானம் என்ற ஒன்று நேர்ந்ததில்லை, அதுவும் தமக்குத் தேவையாக இருந்தது என்று அவர் வைத்தியரிடம் சொன்னதாக அறிகிறோம். கொடுத்தனுப்பிய தின்பண்டங்களை மற்ற நோயாளருக்குப் பகிர்ந்தளித்தார்.

கால்கள் செயலிழந்து, இனி எங்கும் ஓடிப்போக மாட்டார் என்ற நிலையில், 1892 மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கார்மேல் மடத்துக் கம்பிகளுக்கு இப்பாலிருந்து மூன்று மகள்மாரையும் கடைசி முறையாகக் கண்டார். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. பிரியும்போது விரலை மேலே உயர்த்தி, விண்ணகத்தில் சந்திப்போம் என்று பொருள்படச் சொன்னார்.

கோடை காலத்தில் மைத்துனரின் நாட்டுப்புறப் பண்ணைக்கு அவரைக் கொண்டுபோவார்கள். செலின் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மரங்களுக்கிடையே தள்ளிச் செல்வாள. ஒரு மாலை, இருள் கவிகின்ற நேரத்தில், காட்டின் நடுவே ஒரு பறவை பாடியது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைத் தன்னால் மறக்கவே முடியாது என்றாள் அவள். பெயர்கள் போயின, கணக்கு போயிற்று, தொழில் போயிற்று. ஆற்றங்கரையில் அமைதியாகக் காத்திருந்த அந்த மனிதர் மட்டும் உள்ளே அப்படியே இருந்தார். அந்தப் பண்ணையிலேயே 1894 ஜூலை 29ஆம் திகதி அவர் உயிர் பிரிந்தது. கடைசிவரை பார்த்த செலின், அதன் பின்னரே மடத்தில் சேர்ந்தாள்.

சில மாதங்களுக்குள், 1895 ஜனவரியில், மடத்துத் தலைவியாயிருந்த அக்காவின் கட்டளைப்படி திரேசாள் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதத் தொடங்கினார். தந்தையின் நோயை அவர் மறைக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை விலைமதிப்பற்றவை என்றே எண்ணினார்; தந்தை பட்ட அவமானத்தில், முகம் மூடப்பட்டு இகழப்பட்ட ஆண்டவரின் திருமுகத்தையே கண்டார். குழந்தை இயேசுவின் என்ற தம் துறவறப் பெயரோடு, திருமுகத்தின் என்பதையும் சேர்த்துக் கையொப்பமிட்ட பெண் அல்லவா அவர்! லூயியையும் செலியையும் 2008இல் லிசியேயில் முத்திப்பேறு பெற்றவர்களாகவும், 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த வேளையில் புனிதர்களாகவும் திருச்சபை அறிவித்தது. தம்பதியராக ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்களில் அவர்களே முதல்வர். மனநோயாளர் வைத்தியசாலையில் கழிந்த ஆண்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு அப்பீடத்துக்கு அவர் உயர்த்தப்படவில்லை.

சீராக்கின் ஞான நூலின் மூன்றாம் அதிகாரத்தில், முதுமையில் தந்தைக்குத் துணை நிற்கும்படி பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. அவருடைய அறிவு குன்றினாலும் பொறுத்துக்கொள், நீ பலமாய் இருக்கிறாய் என்பதால் அவரை இகழாதே என்று அடுத்த வசனத்திலேயே வருகிறது. முதல் வசனத்தை நாம் முதியோர் தினத்தில் வாசிக்கிறோம். அடுத்தது நம் வீட்டுக் கதவுகளுக்குள்ளே காத்திருக்கிறது. பூட்டிய அறைக்குள் வைத்துப் பராமரிக்கப்படுகின்ற தந்தையர் எத்தனை பேர் என்று நற்கருணை கொண்டு வீடு வீடாகப் போகிற எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் படுகின்ற பாட்டையும் கண்டிருக்கிறேன். ஆனால் விருந்தினர் வந்தால் அப்பாவைப் பின்னறைக்குக் கொண்டுபோகிறோமே, அது யாருக்காக?

இவ்வளவையும் நான் அந்த மகளுக்கும் தமையனாருக்கும் இதே ஒழுங்கில் சொல்லவில்லை. லூயி காணாமற்போனதையும், துப்பாக்கியையும், பறவை பாடியதையும் மட்டும் சொன்னேன். கையெழுத்துப் பிரதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

நினைவுத் திருப்பலி நாளன்று மலர் என் கைக்கு வந்தது. சுகவீனமுற்றிருந்து என்ற வரி அங்கே இல்லை. அதன் இடத்தில் மகள் நான்கு வரிகள் எழுதியிருந்தார். இடப்பெயர்வில் கைவிட்டு வந்த மாடுகளை ஐயா கடைசிக் காலத்தில் இரவிரவாகத் தேடினார் என்றும், படலை திறபடும் சத்தம் கேட்டால் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு அண்ணனும் தானும் பின்னால் போவோம் என்றும், குளக்கட்டில் ஏறியதும் ஐயா நின்றுவிடுவார் என்றும், அங்கே காற்று வாங்கியபடி மூவரும் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவோம் என்றும் எழுதியிருந்தார்.